காருக்கு ஒரு பூஸ்டர்

"சார், காருக்குள்ள சிக்னல் இழுக்கறதுக்கு பூஸ்டர் ஆன்டெனான்னு ஒண்ணு விக்கிறாங்களாமே, வாங்கிப் போடலாமா?"

இந்த மாதத்தில் மட்டும் மூன்று பேர் இதைக் கேட்டுவிட்டார்கள். ஒருவர் காலை நடைப்பயிற்சி நண்பர். இன்னொருவர் சிறுமலையில் வாழைத்தோட்டம் வைத்திருப்பவர். மூன்றாவது ஆள் என் மகனேதான். முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவன் என்பதால், கம்பி, கரண்ட், ஆன்டெனா என்று எது வந்தாலும் ஊரில் என்னிடம் கேட்பது வழக்கம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எனக்கும் இது வெறும் பாடப்புத்தகக் கேள்வி இல்லை. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பூஸ்டர் என்ற சொல் என் வயதுக்காரர்களுக்குப் புதிதல்ல. 1980-களில் சின்னாளப்பட்டித் தெருக்களில் ஒரு பக்கம் தறிச் சத்தம், இன்னொரு பக்கம் மொட்டை மாடியில் நின்று "இப்பத் தெரியுதா? இப்ப?" என்று கத்துகிற சத்தம். சென்னைத் தொலைக்காட்சி 1975-இலேயே வந்துவிட்டது என்றாலும் அதன் அலை நம் ஊர் வரை எட்டவில்லை. 1982-இல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியதும், வசதி இருந்தவர்கள் உயரமான இரும்புக் குழாயில் ஆன்டெனாவைக் கட்டித் தென்கிழக்கே திருப்பி வைத்தார்கள். புழுக்கமான சில இரவுகளில் படம் தெளிவாக வரும். மறுநாள் வெறும் புள்ளிமழை. அந்த ஆன்டெனாவின் கழுத்தில் ஒரு சின்ன டப்பா தொங்கும். அதுதான் பூஸ்டர். காக்கா உட்கார்ந்தால் ஆன்டெனா திரும்பிவிடும். பையன் ஒருவன் மாடிக்கு ஓட வேண்டும். பிறகு கொடைக்கானல் மலையில் தூர்தர்ஷன் ஒளிபரப்பு வந்தது. ஊரில் இருந்த ஆன்டெனா எல்லாம் சொல்லி வைத்ததுபோல் மேற்கே திரும்பிக்கொண்டன.

அந்த டப்பாவை இங்கே இழுப்பதற்குக் காரணம் உண்டு. டிவி பூஸ்டரை யார் வேண்டுமானாலும் வாங்கினோம், மாட்டினோம். லைசென்ஸ் என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு அதனால் பெரிய தொந்தரவும் இல்லை. ஏனென்றால் அது காது மட்டும்தான். தூரத்தில் இருந்து வந்த மெல்லிய ஓசையை நம் வீட்டுக்குள் பெரிதாக்கிக் கொடுத்தது. திருப்பி ஒரு வார்த்தை பேசவில்லை. செல்போன் பூஸ்டர் அப்படியல்ல. அது கேட்கும், பேசவும் செய்யும். பிரச்சினை முழுவதும் அந்தப் பேச்சில்தான் இருக்கிறது.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

என் மனைவியின் தம்பிக்குத் தாண்டிக்குடிக்குப் பக்கத்தில் கொஞ்சம் காப்பித் தோட்டம். நடுவில் மிளகுக்கொடி, ஓரத்தில் மலைவாழை. மச்சினனுக்கு அறுபது தாண்டிவிட்டது. சில வருடங்களுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். போன வருடம் ஐப்பசி மழையில் நானும் மனைவியும் அங்கே போயிருந்தோம். இரவு பத்தரை மணிக்கு மேல் அவருக்கு நெஞ்சில் வலி. வியர்த்துக் கொட்டியது. 108-க்கு அடித்தோம். வண்டி மலை ஏறி வந்து மறுபடி இறங்குவதற்குள் நாமே பாதி வழி இறங்கிவிடலாம், அடிவாரத்தில் சந்தித்துக்கொள்வது என்று முடிவாயிற்று. எந்த இடத்தில் என்பதைப் போகப் போகப் போனில் சொல்வதாகப் பேச்சு. மச்சினன் மகள் மதுரையில் நர்ஸ். அவளும் தனக்குத் தெரிந்த டாக்டரிடம் பேசிவிட்டுத் திரும்ப அழைப்பதாகச் சொன்னாள்.

காரை நான் ஓட்டினேன். பின் சீட்டில் மச்சினன், பக்கத்தில் அவர் மனைவி. முன் சீட்டில் என் மனைவி, கையில் இரண்டு போன். பண்ணை வாசலைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் இரண்டு போனிலும் கோடு போய்விட்டது. மழை. வழி நெடுகச் சில்வர் ஓக் மரங்கள். வளைவுக்கு வளைவு வண்டியின் வெளிச்சம் பாறையில் அடித்துத் திரும்புகிறது. பின்னால் இருந்து தங்கச்சி, "அண்ணே, கெடச்சுச்சா? கெடச்சுச்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்தது. மச்சினன் மட்டும், "விடும்மா, மச்சான் ரோட்டைப் பாக்கட்டும்" என்றார்.

அந்தப் பாதையைத் தெரிந்தவர்களுக்கு விளங்கும். இறங்கி அய்யம்பாளையம் பக்கம் வந்ததும் ஒரு கேள்வி நிற்கும். வத்தலக்குண்டு போய் மதுரைக்கு விடுவதா, செம்பட்டி வழியாகத் திண்டுக்கல்லுக்குத் திரும்புவதா? டாக்டர் எங்கே தயாராக இருக்கிறார், ஆம்புலன்ஸ் எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரியாமல் திரும்பினால் நேரம் போகும். நேரம்தான் அன்றைக்குக் கையில் இல்லாத சரக்கு.

பெரும்பாறை தாண்டி ஒரு வளைவில் காடு விலகி, கீழே சமவெளியின் விளக்குகள் தெரிந்தன. மனைவி, "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்றாள். போனில் ஒரே ஒரு கோடு. காருக்குள் இருந்து அடித்தால் போகவில்லை. மழையில் இறங்கி, ரோட்டோரச் சுவர் பக்கம் நின்று அடித்தாள். மகள் எடுத்தாள். ஒன்றரை நிமிடப் பேச்சு. எந்தப் பக்கம் வர வேண்டும், ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும், எந்த மாத்திரை கொடுக்க வேண்டும், மூன்றும் கிடைத்துவிட்டது. அடிவாரத்தில் வண்டி நின்றது. விடிவதற்குள் மதுரையில் சிகிச்சை முடிந்தது. மச்சினன் இன்றைக்கும் காப்பிப் பழம் பறிக்க ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பிக்கொண்டு நன்றாக இருக்கிறார்.

இதைக் கேட்டதும் பெங்களூரில் இருக்கும் மகன் சும்மா இருப்பானா? மறுவாரமே போன் செய்தான். "அப்பா, அமெரிக்காவுல லாரிக்காரங்க எல்லாம் மாட்டியிருக்காங்க. மேல ஒரு ஆன்டெனா, சீட்டுக்கு அடியில ஒரு டப்பா, அவ்வளவுதான். நான் வாங்கி அனுப்புறேன்" என்றான். திண்டுக்கல்லில் காருக்கு மியூசிக் சிஸ்டம் மாட்டும் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவனும், "வரவழைச்சுத் தரேன் சார், யாரு பாக்கப் போறாங்க?" என்றான். இரண்டு பேரும் பாசத்தில் சொன்னார்கள். எனக்கு ஒரு மாசம் ஆனது, யோசிக்க.

முதலில் இந்தக் கருவி என்ன செய்கிறது என்று பார்ப்போம். மூன்று பாகம். கார் கூரைமேல் ஒரு ஆன்டெனா. உள்ளே ஒரு பெருக்கி. போனுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி ஆன்டெனா. டவரில் இருந்து வருவதை வெளி ஆன்டெனா பிடிக்கும், பெருக்கி பெரிதாக்கும், குட்டி ஆன்டெனா போனுக்குக் கொடுக்கும். போன் பேசுவதை அதே வழியில் திருப்பி, பெரிதாக்கி, டவருக்கு அனுப்பும். அமெரிக்காவில் காருக்கான பூஸ்டருக்கு 50 டெசிபெல் வரை அனுமதி. டெசிபெல் கணக்கில் ஒவ்வொரு 10-க்கும் பத்து மடங்கு. ஐந்து பத்து என்றால் ஒரு லட்சம் மடங்கு.

காருக்குள் சிக்னல் குறைவதற்குக் காரணமும் எளிது. கார் என்பது ஜன்னல் வைத்த தகரப் பெட்டி. ரேடியோ அலை தகரத்தில் பட்டுத் திரும்பும், கண்ணாடி வழியாகத்தான் உள்ளே வரும். வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சு கொடுத்த கண்ணாடி என்றால் அந்த வழியும் பாதி அடைபடும். ஆகவே கூரைமேல் ஆன்டெனா வைத்தால் சிக்னல் கூடும் என்பது உண்மைதான். அதை மறுக்கவில்லை. அந்தக் காலத்துச் சில நோக்கியா போன்களின் முதுகில் இதற்கென்றே ஒரு சின்னத் துளை இருந்தது. கார் ஆன்டெனா கம்பியை அதில் சொருகலாம். இன்றைய போன்களில் அந்தத் துளை கிடையாது. புதுக் கார்களின் கூரையில் சுறா மீன் துடுப்பு மாதிரி இருப்பது ரேடியோவுக்கும், காரின் சொந்தக் கருவிகளுக்கும்தான். நம் போனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரு காலத்தில் சந்தையில் பேட்டரிக்குப் பின்னால் ஒட்டும் தங்கநிற ஸ்டிக்கர் ஒன்று விற்றார்கள், சிக்னல் கூடும் என்று. ஸ்டிக்கர் ஒட்டியது, சிக்னல் ஒட்டவில்லை.

ஆனால் இரண்டு சங்கதி இருக்கிறது.

ஒன்று, பூஜ்ஜியத்தை லட்சத்தால் பெருக்கினாலும் பூஜ்ஜியம்தான். கூரைமேல் கொஞ்சமாவது அலை வந்து விழுந்தால்தான் பூஸ்டர் அதைப் பெரிதாக்கும். மலை மறைத்த பள்ளத்தில் எந்த டவரின் அலையும் விழவில்லை என்றால், விலை உயர்ந்த டப்பாவும் சும்மா கிடக்கும். அன்றிரவு நாங்கள் வந்த பாதையில் பெரும்பகுதி அப்படித்தான்.

இரண்டாவது சங்கதி பெரியது. அது டவரின் காதைப் பற்றியது.

நம் கையில் இருக்கும் 4ஜி போன் அதிகபட்சமாகப் பேசுவது 200 மில்லிவாட்டில். பழைய சீரோ வாட் பல்பு என்று பெயருக்குத்தான் சீரோ, உண்மையில் 15 வாட் எடுக்கும். அதில் எழுபத்தைந்தில் ஒரு பங்குதான் போனின் குரல். அது மலையில் இருந்து கிளம்பிப் பல கிலோமீட்டர் தாண்டி டவருக்குப் போய்ச் சேரும்போது என்ன மிஞ்சும்? ஒரு வாட்டைக் கோடி பங்காகப் பிரித்து, அதில் ஒரு பங்கை மறுபடி கோடி பங்காகப் பிரித்தால் என்ன வருமோ, ஏறத்தாழ அவ்வளவு. அந்தத் துளியையும் டவர் கேட்டுவிடுகிறது. கேட்பதற்கு அது சுற்றுப்புறம் அமைதியாக இருப்பதை நம்பியிருக்கிறது.

திருவிழாவில் மைக் செட் போட்டிருப்பவர்களைக் கேளுங்கள். மைக்கை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் 'கீ…' என்று காது கிழியும். ஸ்பீக்கரின் சத்தம் மைக்குக்குள் போய், பெரிதாகி, மறுபடி ஸ்பீக்கரில் வந்து, மறுபடி மைக்குக்குள் போய், சுற்றிக்கொண்டே வளரும். பூஸ்டரிலும் இதே வியாதி உண்டு. வெளி ஆன்டெனாவும் உள் ஆன்டெனாவும் போதுமான விலகலில் இல்லை என்றால், அல்லது கருவி தரமில்லாதது என்றால், அது கீச்சிட ஆரம்பிக்கும். நம் காதுக்குக் கேட்காது. டவரின் காதுக்குக் கேட்கும். கீச்சிடாவிட்டாலும், பெருக்கி என்பது பேச்சோடு சேர்த்து இரைச்சலையும் பெரிதாக்கி அனுப்பிக்கொண்டே இருக்கும். டவருக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது, அவர்கள் குரல் பலமாக இருக்கிறது. முதலில் அறுபடுவது ஓரத்தில் இருப்பவனின் அழைப்பு. எங்கோ மலைமேல் ஒற்றைக் கோட்டில் தொங்கிக்கொண்டிருப்பவனுடையது.

இதைப் படித்தபோது எனக்கு அந்த வளைவு கண்ணில் வந்தது. அன்றைக்கு என் மனைவியின் குரலைக் கேட்ட டவர் மலையில் இருந்ததாக நான் நினைக்கவில்லை. கீழே விளக்குகள் தெரிந்த பக்கத்தில், சமவெளியில் எங்கோ இருந்த டவர் அது. அந்த நேரத்தில் அதன் காலடியில், மெயின் ரோட்டில், பூஸ்டர் மாட்டிய ஒரு கார் பாட்டுக் கேட்டுக்கொண்டு போயிருந்தால்? அந்த ஓட்டுநருக்குச் சிக்னல் முழுதாக இருந்திருக்கும். அவர் யாரையும் கெடுக்க நினைத்திருக்க மாட்டார். எங்கள் ஒற்றைக் கோடு மட்டும் போயிருக்கும். வீட்டில் மாட்டிய பூஸ்டர் ஒரு டவரைத் தொந்தரவு செய்யும். காரில் மாட்டியது போகிற வழியெல்லாம் செய்யும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க இயற்பியல் வேண்டியதில்லை. குடிநீர்க் குழாய் போதும். தெருக் குழாயில் தண்ணீர் மெல்ல வருகிறது என்று ஒரு வீட்டுக்காரர் மோட்டாரை நேராகக் குழாயில் மாட்டுகிறார். அவர் தொட்டி அரை மணியில் நிறைந்துவிடும். தெருக்கோடி வீட்டில் கிழவி குடத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், குழாயில் காற்று மட்டும் வரும். அவள் வீட்டிலும் மோட்டார் மாட்டினால்? பிறகு எல்லா வீட்டிலும் மோட்டார், எந்த வீட்டிலும் தண்ணீர் இல்லை. அதனால்தான் பேரூராட்சியில் மோட்டாரைப் பறிமுதல் செய்கிறார்கள்.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. நம் நாட்டில் 1933-ஆம் வருடத்துச் சட்டமே, உரிமம் இல்லாமல் கம்பியில்லாத் தந்திக் கருவி வைத்திருப்பது குற்றம் என்றது. 2022 ஜூலையில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை பொதுமக்களுக்கு வெளிப்படையாகவே அறிவித்தது: உரிமம் பெற்ற தொலைபேசி நிறுவனங்களைத் தவிர வேறு யாரும் மொபைல் சிக்னல் பூஸ்டரை வைத்திருப்பதும் விற்பதும் பயன்படுத்துவதும் சட்டவிரோதம். 2023-இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டமும் வந்துவிட்டது. ஆகவே இணையத்தில் விற்கிறார்களே, கடையில் கிடைக்கிறதே என்பதெல்லாம் அனுமதி ஆகாது.

அப்புறம் அமெரிக்காவில் எப்படி என்று மகன் கேட்டான். நியாயமான கேள்வி. அங்கேயும் ஒரு காலத்தில் இதே தகராறுதான். 2013-இல் அவர்கள் விதி வகுத்தார்கள். கருவி கீச்சிட ஆரம்பித்தால் தானே அணைந்துவிட வேண்டும், டவர் பக்கத்தில் வந்தால் தானே குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும், வாங்கியவர் தன் போன் கம்பெனியிடம் பதிவு செய்ய வேண்டும். இந்தத் தகுதி உள்ள கருவியைத்தான் விற்கலாம். இங்கிலாந்திலும் 2018-இல் தரக்கட்டுப்பாட்டோடு சிலவகைக் கருவிகளுக்கு வழி விட்டார்கள். தரமான கருவியால் கெடுதல் குறைவு என்பது இதிலிருந்து தெரிகிறது. நம் ஊரிலும் அப்படி ஒரு விதி வரலாம், வரவும் வேண்டும் என்பது என் எண்ணம். மலையில் ஆம்புலன்ஸுக்கும் பள்ளி வேனுக்கும் அது உதவும். ஆனால் அந்த விதி வரும்வரை, எந்தத் தரமும் பார்க்காமல் வந்து இறங்கும் டப்பாவை நான் மாட்டுவது தெருக்குழாயில் மோட்டார் மாட்டுவதுதான். வேண்டாம் என்று மகனிடமும் மாணவனிடமும் சொல்லிவிட்டேன்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்தால் அடுத்த முறை என்ன செய்வது? அதுதான் உண்மையான கேள்வி. இந்த ஆறேழு மாதத்தில் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். ஒன்றுக்கும் பெரிய செலவில்லை.

முதலில், பாதையை அளந்தோம். போனில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். கோடு வரைவது ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு. உண்மையான எண் போனுக்குள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் போய், போனைப் பற்றிய பகுதியில் சிம் நிலை என்ற இடத்தில் பாருங்கள். மைனஸில் ஒரு எண் இருக்கும். மைனஸ் 80 என்றால் நன்று. மைனஸ் 110 என்றால் தடுமாற்றம். இரண்டுக்கும் வித்தியாசம் 30 டெசிபெல், அதாவது ஆயிரம் மடங்கு. பகலில் ஒரு நாள் நான் ஓட்ட, மச்சினன் அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து நோட்டில் குறித்தார். தாண்டிக்குடியில் தொடங்கி, தடியன்குடிசை, பெரும்பாறை, சித்தரேவு வரை.

நோட்டைப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிந்தது. மலைப்பாதையில் வெளிவளைவு, உள்வளைவு என்று இரண்டு உண்டு. மலை மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தைச் சுற்றிப் போவது வெளிவளைவு. அங்கே சமவெளி கண்ணுக்குத் தெரியும், போனுக்கும் தெரியும். ஓடை இறங்கும் மடிப்புக்குள் நுழைந்து திரும்புவது உள்வளைவு. அங்கே இரண்டு பக்கமும் மலை, எதுவும் தெரியாது. பள்ளத்தில் நின்று நூறு தடவை அடிப்பதைவிட அடுத்த வெளிவளைவுக்குப் போய் ஒரு தடவை அடிப்பது மேல். எங்கள் நோட்டில் அப்படி ஐந்து இடம் தேறியது. ஒன்று கோயில், ஒன்று டீக்கடை, ஒன்று விழுந்த பாறை, மற்ற இரண்டும் மைல்கல். இப்போது அது ஒரு அட்டையில் எழுதி மச்சினன் ஜீப்பிலும் என் காரிலும் ஒட்டியிருக்கிறது. தோட்டத்து ஆட்களுக்கும் பால் வண்டிக்காரருக்கும் ஆளுக்கொரு படி கொடுத்தோம்.

அந்த இடத்தில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்துங்கள். கண்ணாடியை இறக்குங்கள், முடிந்தால் இறங்கி வெளியே நில்லுங்கள். தகரப் பெட்டியை விட்டு வெளியே வந்தாலே பாதி பூஸ்டர் மாட்டிய மாதிரி. போனைச் சட்டைப் பையிலோ கியர் பக்கத்துக் குழியிலோ வைக்காமல் முன்கண்ணாடி ஓரமாக வையுங்கள்.

இரண்டாவது, இரண்டு சிம், இரண்டு கம்பெனி. ஒரு கம்பெனியின் டவர் மறையும் இடத்தில் இன்னொன்றின் டவர் தெரியலாம். எங்கள் ஐந்து இடத்தில் இரண்டில் ஒரு கம்பெனி, மூன்றில் இன்னொரு கம்பெனி. எது எது என்று எழுதவில்லை. நாளைக்கு ஒரு டவர் வந்தால் மாறிவிடும், நீங்களே உங்கள் பாதையில் அளந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது, சிக்னல் மெலிந்த இடத்தில் பேசுவதைவிட எழுதுவது மேல். பேச்சுக்கு விடாமல் சிக்னல் வேண்டும். வாட்ஸ்அப்பில் இரண்டு வரி அடித்து அனுப்பிவிட்டால், அடுத்த வெளிவளைவில் ஒரு விநாடி சிக்னல் எட்டினாலும் தானாகப் போய்விடும். நாங்கள் ஒரு வாசகமே தயார் செய்து வைத்திருக்கிறோம்: "கிளம்பிவிட்டோம், இத்தனை மணிக்கு, இந்த வண்டி, இன்ன நோயாளி." கிளம்பும் முன், வீட்டிலேயே, எங்கே சந்திப்பது என்பதையும் பேசி முடித்துவிட வேண்டும். "போகப் போகச் சொல்கிறேன்" என்ற பேச்சு மலையில் செல்லாது.

நான்காவது, 112. போனில் நம் கம்பெனி சிக்னல் இல்லாமல் 'அவசர அழைப்புகள் மட்டும்' என்று காட்டினால், வேறு கம்பெனி டவர் எட்டுகிறது என்று அர்த்தம். அப்போது 112 அடித்துப் பாருங்கள். பலர் அந்த வரியைப் பார்த்ததும் போனைக் கீழே வைத்துவிடுகிறார்கள்.

ஐந்தாவது, சிக்னல் இல்லாத இடத்தில் போன் சும்மா இருப்பதில்லை. டவரைத் தேடிக்கொண்டே பேட்டரியைத் தின்னும். நீண்ட பயணத்தில் ஒரு போனை விமானப் பயன்முறையில் போட்டு, வேண்டிய இடத்தில் மட்டும் திறந்தால், கடைசி நேரத்தில் சார்ஜ் இருக்கும்.

கடைசியாக, வீட்டில் செய்தது. மச்சினன் வீட்டுக்கு இணையக் கம்பி வந்துவிட்டது. இணையம் இருந்தால் டவரே இல்லாமல் சாதாரண எண்ணில் பேசலாம். வைஃபை காலிங் என்று பெயர். 2019 டிசம்பரிலும் 2020 ஜனவரியிலுமாக நம் நாட்டில் இரண்டு பெரிய கம்பெனிகள் இதைக் கொடுக்க ஆரம்பித்தன. கூடுதல் கட்டணம் இல்லை. போன் செட்டிங்ஸில் ஒரு பொத்தானைத் திருப்பினால் போதும். பல வீடுகளில் இது இருப்பதே தெரியாமல் மாடிப்படியில் நின்று கத்திக்கொண்டிருக்கிறார்கள்.

இவ்வளவும் செய்தாலும் உள்வளைவு உள்வளைவுதான். அங்கே டயர் வெடித்தால், பிரசவ வலி வந்தால், அட்டை உதவாது. அதற்கு டவர் வேண்டும். டவர் நான் வாங்கிப் போடக்கூடிய சாமான் இல்லை. இங்கேதான் மோட்டார் மாட்டுவதற்கும் பேரூராட்சி அலுவலகத்துக்கு நடப்பதற்கும் உள்ள வித்தியாசம் வருகிறது. முதலாவது சுலபம். இரண்டாவது செருப்பைத் தேய்க்கும். ஆனால் இரண்டாவதில்தான் தெருக்கோடிக் கிழவிக்கும் தண்ணீர் வரும்.

2022-இல் மத்திய அமைச்சரவை, 4ஜி எட்டாத 24,680 கிராமங்களுக்குச் சேவை கொடுக்க 26,316 கோடி ரூபாய் ஒதுக்கி ஒப்புதல் கொடுத்தது. ஊருக்குள் ஒரு முனையில் சிக்னல் வந்தால் கணக்கில் அது எட்டிய ஊர் ஆகிவிடும். ஊருக்கும் ஊருக்கும் நடுவில் இருக்கும் ரோட்டை யாரும் கிராமமாக எண்ணுவதில்லை. எங்கள் நோட்டின் அருமை அப்போதுதான் தெரிந்தது. 'சிக்னல் இல்லை' என்று மனு கொடுத்தால் அது புலம்பல். எந்த மைல்கல்லில் இருந்து எந்த மைல்கல் வரை, எந்த நாளில், எத்தனை டெசிபெல் என்று எழுதிக் கொடுத்தால் அது கணக்கு. பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மச்சினன் அந்தப் பட்டியலை வைத்து, மே முதல் தேதி கிராம சபையில் தீர்மானம் போடச் சொல்லியிருக்கிறார். தோட்டக்காரர்கள், ஜீப் ஓட்டுநர்கள், ஆசிரியர்கள் என்று நாற்பதுக்கு மேற்பட்ட கையெழுத்து. அதன் நகலோடு ஒரு திங்கட்கிழமை, திண்டுக்கல் கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாளுக்கு நானும் அவரோடு போய் வரிசையில் நின்றேன். ரசீது கொடுத்தார்கள். டவர் எப்போது வரும் என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டு மாதம் கழித்து மறுபடி போவோம்.

உங்களில் யாராவது சிறுமலைப் பாதையிலோ, பண்ணைக்காடு பக்கமோ அடிக்கடி போகிறவராக இருந்தால், ஒரு நோட்டையும் பேனாவையும் காரில் போட்டுக்கொள்ளுங்கள். ஓட்டுகிறவர் எழுத வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் எழுதட்டும். எந்த வளைவில் எத்தனை என்று குறித்துக்கொண்டு வந்து கொடுத்தால், அடுத்த மனுவில் சேர்த்துக்கொள்ளலாம்.